மனிதனைத் தனித்து நிறுத்துவது எது? ஒரு ஞாயிறு பள்ளிப் பாடப்பெட்டியின் மதிப்புரை

ஏழு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தயாரிக்கப்பட்ட பாடப்பெட்டி ஒன்றை எங்கள் ஞாயிறு பள்ளியில் ஆறு வாரங்கள் தொடர்ந்து நடத்தி முடித்திருக்கிறோம். எத்தனையோ உயிர்கள் நிறைந்த இந்தப் பூமியில் மனிதனை மட்டும் வேறுபடுத்துவது எது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி ஆறு பாடங்களும் அமைந்துள்ளன. ஞாயிறு பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் நோவா, தாவீது, யோனா என்று கதை கதையாக நகர்ந்துவிடுவதால், ஒரு வேத உபதேசத்தைப் பிள்ளைகளுக்கு எட்டும்படி சொல்ல முயலும் இந்தப் பெட்டியை மிகுந்த எதிர்பார்ப்போடு திறந்தேன். மூன்றாம் பாடத்திலிருந்து அந்த எதிர்பார்ப்பு வீணாகவில்லை. ஆனால் முதல் இரண்டு பாடங்களை, அச்சிட்டிருக்கிறபடியே, எந்த ஆசிரியரும் நடத்தக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

பெட்டிக்குள் ஆசிரியர் கையேடு, 48 பட அட்டைகள், பயிற்சிப் புத்தகங்கள், ஒரு சுவர்ப்படம், உள்ளங்கையளவு முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவை இருக்கின்றன. அட்டைகள் கெட்டியானவை, ஆறு வாரம் கைமாறிக் கைமாறிப் புழங்கியும் ஓரம் மடங்கவில்லை. திமிங்கிலத்தை மீன் என்று குறித்திருக்கும் அட்டையை மட்டும் வகுப்புக்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு என்பதைப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்திருக்கிறார்கள்.

முதல் பாடம் ஒரு விளையாட்டோடு தொடங்குகிறது. தரையில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஒன்றில் ‘மனிதன் மட்டும்’ என்றும் மற்றொன்றில் ‘விலங்குகளும்’ என்றும் எழுத வேண்டும். பேசுதல், கருவி செய்தல், கணக்கிடுதல், துக்கப்படுதல் என்று செயல்கள் எழுதப்பட்ட அட்டைகளைப் பிள்ளைகள் உரிய வட்டத்தில் வைக்க வேண்டும். கருவி செய்தல் அட்டையை எடுத்த பையன் அதை ‘விலங்குகளும்’ வட்டத்தில் வைத்தான். கையேட்டின்படி அது தவறான விடை. அவனோ, காகம் ஒன்று கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள் இருந்த சிறு வாளியைத் தூக்கி எடுத்ததைக் காணொளியில் பார்த்ததாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மை. ‘பெட்டி’ (Betty) என்று பெயரிடப்பட்ட அந்த நியூ கலிடோனியக் காகத்தைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2002இல் எழுதியிருக்கிறார்கள். அதற்கு வெகு முன்னரே, 1960இல், ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் சிம்பன்சி ஒன்று புல்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடித்ததை ஆய்வாளர் ஜேன் குடால் கண்டு எழுதினார். கருவி செய்பவன் மனிதன் மட்டுமே என்ற பழைய வரையறை அன்றே ஆட்டம் கண்டுவிட்டது.

மற்ற அட்டைகளின் நிலையும் இதுதான். தேன் இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ தன் ஆட்டத்தால் கூட்டாளிகளுக்குத் தெரிவிக்கிறது என்பதைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரலும் கழுகுக்கு வேறொரு குரலும் பாம்புக்கு இன்னொரு குரலும் எழுப்பி எச்சரிக்கின்றன. யானைகள் இறந்த யானையின் எலும்புகளைத் துதிக்கையால் தடவி நிற்கின்றன. இவற்றுக்கெல்லாம் கையேடு வைத்திருக்கும் பதில் ‘அது வெறும் உள்ளுணர்வு’ என்ற ஒற்றை வரிதான். மனித மொழியின் இலக்கணத்துக்கும் குரங்கின் எச்சரிக்கைக் குரலுக்கும் இடையே பெருத்த இடைவெளி இருப்பது மெய்யே. இதுவரை நடந்திராத ஒன்றைக் கற்பனை செய்து அதைப் பற்றிப் பேசும் மொழி மனிதனுடையது. ஆனால் அந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்காமல், விலங்குகளின் திறமைகளைக் குறைத்துச் சொல்லி மனிதனை உயர்த்தும் வழியைப் பாடம் தேர்ந்தெடுத்திருக்கிறது. அந்தப் பையன் வளர்ந்து உயிரியல் படிக்கும் நாளில், ஞாயிறு பள்ளியில் தனக்குச் சொன்னது பொய் என்று நினைப்பான். அதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட வேதவசனத்தையும் சந்தேகிப்பான். நான் அஞ்சுவது அதைத்தான்.

இதைவிடப் பெரிய குறை இரண்டாம் வாரத்தில் வெளிப்பட்டது. ‘நான் பேசுகிறேன், நான் சிந்திக்கிறேன், நான் படிக்கிறேன், ஆகையால் நான் தேவசாயல்’ என்று பிள்ளைகள் கைதட்டிச் சொல்ல வேண்டிய வரிகள் அந்தப் பாடத்தில் இருக்கின்றன. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, எப்போதும் முன்வரிசையில் அமரும் ஒரு சிறுமி மெதுவாக, “அக்கா, என் தம்பி பேசமாட்டானே?” என்று கேட்டாள். அவளுடைய தம்பிக்கு ஐந்து வயது. பிறந்தது முதல் பேச்சு இல்லை, தானாக எழுந்து நிற்கவும் இயலாது. அவள் வாதம் செய்யவில்லை. தன் தம்பி எந்த வட்டத்தில் இருக்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினாள். கையேட்டைப் புரட்டினேன், அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அன்று பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஆதியாகமத்தைத் திறந்தோம்.

“தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்” என்னும் ஆதியாகமம் 1:27ஆம் வசனத்தில் மனிதனுடைய திறமைகளின் பட்டியல் எதுவும் இல்லை. அங்கே செயல்படுகிறவர் தேவன், மனிதன் பெற்றுக்கொள்கிறவன். ஜலப்பிரளயத்துக்குப் பின்பு, பாவத்தில் விழுந்த மனித குலத்தைக் குறித்துப் பேசும்போதும், மனிதனுடைய இரத்தத்தைச் சிந்தக் கூடாது என்பதற்கு ஆதியாகமம் 9:6 காட்டும் காரணம் அதே தேவசாயல்தான். தேவசாயலாய் உண்டாக்கப்பட்ட மனிதரை நாவினால் சபிக்காதிருக்கும்படி யாக்கோபு 3:9-10 சொல்வதும் எல்லா மனிதரையும் குறித்தே. அறிவும் பேச்சும் தேவன் கொடுத்த மேன்மையான ஈவுகள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈவு குறைவாயிருக்கிற இடத்தில் சாயலும் குறைந்துவிடும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. இந்தக் கருத்து இந்தப் பெட்டியின் முதல் பக்கத்திலேயே இடம்பெற்றிருக்க வேண்டும்.

பாடம் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. மனிதனும் நாட்டு மிருகங்களும் ஒரே ஆறாம் நாளில் படைக்கப்பட்டார்கள். மனிதன் உருவானதும் மண்ணிலிருந்துதான், மிருகங்கள் உருவானதும் மண்ணிலிருந்துதான். ‘மனுஷன் ஜீவாத்துமாவானான்’ என்று ஆதியாகமம் 2:7இல் படிக்கும் நாம், ஆத்துமா என்ற சொல்லே மனிதனைப் பிரித்துக் காட்டுகிறது என்று எண்ணிவிடுகிறோம். எபிரெய மூலத்தில் அங்கே வரும் ‘நெபேஷ் ஹய்யா’ என்ற சொற்றொடரே 1:20இலும் 1:24இலும் விலங்குகளுக்கும் வருகிறது. தமிழில் அது ‘ஜீவஜந்துக்கள்’ ஆகிவிட்டதால் அந்த ஒற்றுமை நம் கண்ணுக்குப் படுவதில்லை. விலங்குகளோடு நமக்குள்ள உறவை முதலில் மனமார ஒப்புக்கொண்ட பிறகே வேறுபாட்டைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. சிம்பன்சியின் மரபணு வரிசை 2005இல் வெளியானபோது, நேரடியாக ஒப்பிடக்கூடிய பகுதிகளில் அது நம்முடையதோடு ஏறத்தாழ 99 விழுக்காடு ஒத்திருந்தது. தேவசாயலைப் பெற்றுக்கொண்டவன் என்று மனிதனைக் கற்ற பிள்ளைக்கு இந்த எண் அதிர்ச்சி தராது.

மூன்றாம் பாடம் ‘சாயல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறது. பெட்டியின் சிறந்த பாடம் இதுவே. கண்ணாடி இங்கே பயன்படுகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் முகத்தைப் பார்த்து, தங்களிடம் யாருடைய சாயல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். “அப்படியே அப்பாவை உரித்துவைத்திருக்கிறாய்” என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளாதலால், இந்தப் பயிற்சி அவர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. மூக்கு பாட்டியுடையது, கண் அத்தையுடையது என்று வகுப்பே கலகலத்தது. அதன் பிறகு கையேடு ஆதியாகமம் 5:3க்கு அழைத்துச் செல்கிறது: ஆதாம் தன் சாயலாகவும் தன் ரூபத்தின்படியேயும் சேத்தைப் பெற்றான் என்று, முதல் அதிகாரத்தின் அதே இரண்டு சொற்கள் அங்கே வருகின்றன. சாயல் என்பது பிள்ளை உழைத்துச் சம்பாதிப்பது அன்று, பெற்றோரிடமிருந்து வருவது. மனிதனும் தேவனோடு உறவுக்காக உண்டாக்கப்பட்டவன் என்பதை இத்தனை எளிமையாக வேறெங்கும் நான் படித்ததில்லை. ‘ரூபம்’ என்றவுடன் தேவனுக்கும் கைகால் உண்டா என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். தேவன் ஆவியாயிருக்கிறார் என்ற யோவான் 4:24ஐக் கொண்டு அதற்குப் பதில் சொல்லக் கையேடு நன்றாக உதவுகிறது.

அந்தச் சிறுமியும் கண்ணாடியைப் பார்த்தாள். தனக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரியான புருவம், இரண்டும் அம்மாவுடையவை என்றாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காம் பாடம், ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிட்டதைப் பற்றியது. கற்பனை விலங்குகளுக்குப் பெயர் சூட்டும் விளையாட்டில் நேரம் கடந்துவிடும், வேறு குறையில்லை. ஐந்தாம் பாடம் ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்ற கட்டளையைக் கையாளும் விதம் பாராட்டத்தக்கது. அந்தச் சொல்லைத் தனியே விட்டால், வாலில் டப்பா கட்டி நாயை விரட்டுகிற பையனுக்கு அது அனுமதிச் சீட்டாகிவிடும். பாடம் அதை ஆதியாகமம் 2:15இல் உள்ள ‘பண்படுத்தவும் காக்கவும்’ என்ற சொற்களோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறது. போரடிக்கிற மாட்டை வாய் கட்டக் கூடாது என்னும் உபாகமம் 25:4ஐயும், நீதிமான் தன் மிருகஜீவன்களைக் காப்பாற்றுகிறான் என்னும் நீதிமொழிகள் 12:10ஐயும் எடுத்துக்காட்டுகிறது. நினிவேயில் அநேக மிருகஜீவன்களும் இருக்கின்றனவே என்று தேவன் யோனாவிடம் சொன்னதையும் சேர்த்திருக்கலாம், நாங்கள் சேர்த்துக்கொண்டோம். காகத்துக்காகவும் தேனீக்காகவும் பொறுப்பேற்கும்படி காகத்திடமோ தேனீயிடமோ யாரும் கேட்பதில்லை, மனிதனிடம் மட்டுமே கேட்கப்படுகிறது என்று கையேடு எழுதியிருக்கும் பத்தி, முதல் பாடத்தின் அத்தனை அட்டைகளையும்விட ஆழமாக மனிதனின் தனித்தன்மையைச் சொல்லிவிடுகிறது.

ஆறாம் பாடம் கிறிஸ்துவிடம் வந்து சேர்கிறது. கொலோசெயர் 1:15 அவரை ‘அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம்’, அதாவது கண்ணுக்குத் தெரியாத தேவனுடைய சாயல், என்று அழைப்பதையும், 3:10 நாம் சிருஷ்டித்தவருடைய சாயலுக்கொப்பாய்ப் புதிதாக்கப்படுவதையும் பாடம் இணைக்கிறது. கருத்து சரியானது, ஆனால் ‘தற்சுரூபம்’ என்ற சொல்லுக்கு விளக்கமே தரப்படாததால், ஆசிரியர் முன்கூட்டியே எளிய சொற்களைத் தேடிவைத்திருக்க வேண்டும்.

கையேட்டின் தமிழ் பல இடங்களில் மொழிபெயர்ப்பு வாசனை அடிக்கிறது. மனிதனுக்கு ஆறறிவு என்று நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்றிருந்தும், அந்தச் சொல் பெட்டியில் ஓரிடத்திலும் வரவில்லை. ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே’ என்ற தொல்காப்பியம், அதே மூச்சில் ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்று சொல்லி வேறு உயிர்களுக்கும் இடம் விட்டிருப்பதைக் காட்டியே முதல் பாடத்தைத் தொடங்கியிருக்கலாம். செல்ல நாய் இறந்துபோன பிள்ளை, அது பரலோகம் போயிருக்குமா என்று கேட்டால், இல்லை என்று ஒரே சொல்லில் முடிக்கிறது கையேடு. மிருகங்களின் ஆவியை அறிகிறவன் யார் என்று பிரசங்கியே (3:21) கேள்வியாக விட்டதை நாம் அத்தனை அவசரமாக மூட வேண்டாம். சிருஷ்டி முழுவதும் விடுதலையை எதிர்நோக்கியிருக்கிறது என்னும் ரோமர் 8ஐ வாசித்து, அழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம்.

வாங்க எண்ணும் சபைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மூன்றாம் பாடத்தை முதலில் நடத்துங்கள், அடுத்து ஐந்தாம் பாடம், பிறகு நான்காவதும் ஆறாவதும். முதல் பாடத்தின் செயல் அட்டைகளை ஒதுக்கிவிடாமல், விலங்குகளின் திறமைகளைக் கண்டு வியந்து சிருஷ்டிகரைத் துதிப்பதற்கான விளையாட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். சங்கீதம் 104 அதற்குப் பொருத்தமாக இருக்கும். இரண்டாம் பாடத்தின் அந்தக் கைதட்டு வரிகளை நாங்கள் நீக்கிவிட்டோம். அவற்றின் இடத்தில், ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “உன்னை தேவன் தம்முடைய சாயலாக உண்டாக்கினார்” என்று பெயர் சொல்லிக் கூறுகிறது. கடைசி வாரத்தில் அந்தத் தம்பியும் சக்கர நாற்காலியில் வந்திருந்தான். அவனிடம் அதைச் சொல்லப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.