எச்சரிக்கை: ஹாங்காங் டிம் சம் கடையில் உயிர் இறால் சொல்லும் முன் படிக்கவும் (போனது 2,640 டாலர்)

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், இறால் நன்றாகத்தானே இருந்தது" என்று மனசு சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கடைப் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. கவுலூன் பக்கம், முதல் மாடி, இன்னமும் தள்ளுவண்டி ஓடும் பழைய பாணி டிம் சம் கடை, அதாவது சின்னக் கூடைகளில் வரும் பலகாரங்களைத் தேநீரோடு சாப்பிடும் இடம். நுழைந்ததும் வரிசையாக மீன் தொட்டிகள். நாலு பேர் காலைச் சாப்பாட்டுக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய பில் 657 டாலர் 80 சென்ட். வாங்கிக்கொண்டது 3,297 டாலர் 80 சென்ட். வித்தியாசம் 2,640 ஹாங்காங் டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய். இரண்டு மணி நேரத்தில், தேநீர் ஊற்றிக்கொடுத்தபடியே எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் நேர்மையான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்டால்தான் அடி எங்கே விழுந்தது என்று புரியும். உட்கார்ந்ததும் மேசையில் ஓர் அட்டை வைப்பார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது, ஸ்பெஷல் என்று கட்டங்கள் இருக்கும். வண்டியிலிருந்து கூடை எடுக்க எடுக்க, வண்டிக்கார அம்மா அந்தந்தக் கட்டத்தில் முத்திரை குத்துவார். இந்தக் கடையில் முறையே 26, 32, 38, 48 டாலர். அட்டையில் விழுந்த முத்திரைகள் 2, 3, 3, 1. ஆக 9 கூடைக்கு 310 டாலர். தேநீர் தலைக்கு 18 வீதம் 72. கேட்காமலேயே வந்து உட்கார்ந்த வேர்க்கடலைத் தட்டும் எக்ஸ்ஓ சாஸ் (உலர்ந்த கடல் சரக்கில் செய்த காரச் சாஸ்) கிண்ணமும் தலா 28, மொத்தம் 56. வேண்டாம் என்றால் வந்தவுடனே திருப்பி அனுப்பலாம், கை வைத்தால் பில்லில் ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். இதெல்லாம் ஊர் வழக்கம், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முத்திரையை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், சின்னதுக்குப் பதில் ஸ்பெஷலில் குத்துவது நடக்கிற காரியம்தான்.

அட்டையில் ஏறாத ஒரே சரக்கு தொட்டியில் நீந்துவது. வினை அங்கேதான்.

கறுப்புக் கோட்டு போட்ட கேப்டன் (பரிமாறுபவர்களின் தலைவர்) ஒருவர், நல்ல ஆங்கிலம். அவர் நம்பிக்கையைச் சம்பாதித்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாமர்த்தியமான வேலை. ஹார் காவ் (இறால் வைத்த ஆவிக் கொழுக்கட்டை) கூடை ஒன்று வண்டியிலிருந்து மேசைக்கு வந்தது. அவரே மூடியைத் திறந்து பார்த்து, "இது வேண்டாம் சார், புதுசு வருகிறது" என்று திருப்பி அனுப்பினார். சரியான பேச்சு. ஹார் காவின் மேல்தோல், பசைச்சத்து நீக்கிய கோதுமை மாவில் மரவள்ளி மாவு கலந்து, கொதிநீர் ஊற்றிப் பிசைவது. சூடாக இருக்கும்போது இழுபடும், உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும். ஆறினால் ஓரம் விறைத்து வெடிக்கும். அதையே மறுபடி ஆவியில் வைத்தால் அடிப்பக்கம் தண்ணீர் குடித்துத் தாளோடு ஒட்டி, குச்சியால் தூக்கும்போது கிழிந்து இறால் கீழே விழும். அந்தக் கூடையில் இருந்தவை மூன்றும் ஓரம் வெடித்தவை. சொந்தக் கடைச் சரக்கையே வேண்டாம் என்று சொல்கிறவரைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? கொழுப்புச் சாப்பாட்டுக்கு மல்லிகைத் தேநீரைவிட போ லே என்ற கறுத்த தேநீர் தேவலை என்றார், அதுவும் சரி. கோழிக்கால் இன்று சுமார் என்றார். பொரித்தெடுத்துத் தண்ணீரில் போதுமான நேரம் ஊறவிடாவிட்டால் தோல் உப்பிச் சுருங்காமல் ரப்பர் மாதிரி நிற்கும். பக்கத்து மேசையில் அப்படித்தான் இருந்தது.

இத்தனை உண்மைக்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. "இன்று உயிர் இறால் பிரமாதம், சும்மா வெந்நீரில் போட்டுத் தருகிறோம். 128 தான்."

128, எதற்கு? ஹாங்காங்கில் உயிர்ச் சரக்கு வழக்கமாகக் 'கட்டி' (catty) என்ற எடைக் கணக்கில்தான். ஒரு கட்டி 604.78 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கு டெய்ல், அதாவது 37.8 கிராம். உயிர் இறால் கட்டிக்கு 128 என்பது அந்த ஊரில் நம்பக்கூடிய விலை, அதனால்தான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். துள்ளும் இறாலைப் பிளாஸ்டிக் பையில் மேசைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். பையில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். "ஒரு கட்டியும் கொஞ்சமும்" என்றார், தலையாட்டியதும் பை சமையலறைக்குப் போனது. அதோடு கேப்டனும் மறைந்தார். அதுவரை அரை நிமிடத்துக்கு ஒரு முறை வந்தவர், தண்ணீர் வேண்டும் என்பதற்கு அடையாளமாகத் தேநீர்க் கெண்டி மூடியைச் சாய்த்து வைத்தும் ஊற்ற ஆள் அனுப்பவில்லை.

பில்லில் 20 டெய்ல், டெய்லுக்கு 128. மொத்தம் 2,560 டாலர். கட்டிக் கணக்கில் இதே எடைக்கு 160 டாலர். முக்கால் கிலோ இறால், ஏறத்தாழ முப்பது உருப்படி. ஓர் இறால் 85 டாலர்! ஒரு பெரிய கூடை டிம் சம்மே 38 தான். மிகையாக வாங்கிய 2,400க்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. அப்படித்தான் 2,640.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. காசாளர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தொட்டியில் எழுதியிருக்கிறதே" என்றார். போய்ப் பார்த்தால் தொட்டியின் பக்கவாட்டில், காற்றுக் குழாய்க்குப் பின்னால், சீனத்தில் மட்டும் கையால் எழுதிய ஒரு துண்டுத் தாள். கேப்டனைக் கூப்பிடுங்கள் என்றால் "ஓய்வு நேரம்". பக்கத்து விருந்து அறையில் அதே கறுப்புக் கோட்டு வேறொரு மேசைக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்று வந்தவர், "சாப்பிட்டுவிட்டீர்களே, ஓடுதானே மிச்சம்" என்றார். சமைத்த இறாலை எடை போட்டுக் காட்டச் சொல்ல முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் சமாதானமாக நீட்டியது 50 டாலர் கூப்பன், அதுவும் வார நாட்களில் பிற்பகல் 2 முதல் 4 வரை மட்டும் செல்லும். 2,640 போன இடத்தில் 50! மறுநாள் போன் செய்தால் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லையாம். கார்டு வங்கியோ, கார்டை நேரில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பதால் திருட்டுக் கணக்கில் சேராது, விலைத் தகராறாகத்தான் பார்ப்போம் என்கிறது.

ஹாங்காங் வணிக விவரணைச் சட்டம் 2013 ஜூலையிலிருந்து சேவைகளுக்கும் பொருந்தும். எந்த எடைக்கு என்ற விவரத்தை மறைத்து விலை சொல்வது அதில் குற்றம். உச்ச தண்டனை 5 லட்சம் டாலர் அபராதம், 5 ஆண்டு சிறை. இதே கட்டி, டெய்ல் தந்திரத்துக்காக ஜின்செங் என்ற மருந்து வேரும் உலர்ந்த கடல் சரக்கும் விற்கும் கடைக்காரர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். சட்டத்தை அமல்படுத்துவது சுங்கத்துறை. நுகர்வோர் மன்றம் பேசிப் பார்க்கும், பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் இல்லை. இரண்டு இடத்திலும் புகார் போயிருக்கிறது.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவை மட்டும்:

தொட்டிச் சரக்குக்கு விலை சொன்னால், எந்த எடைக்கு என்று கேட்டு, மொத்தத் தொகையை ஆர்டர் தாளில் எழுத வையுங்கள். எழுத மறுத்தால் இறால் வேண்டாம், வண்டியிலிருந்து இன்னொரு கூடை எடுங்கள்.

பையில் தண்ணீரை வடித்த பிறகு எடை, அதுவும் உங்கள் கண் முன்னால்.

வந்த தட்டில் இறால் சுருண்டு, தலை இறுகி இருக்க வேண்டும். தலை தொங்கி, சதை மாவாக இருந்தால் காட்டியது வேறு, வெந்தது வேறு. வாயில் வைக்கும் முன் திருப்பி அனுப்புங்கள்.

மெனுவில் "அன்றைய விலை" என்றிருக்கும் எதையும் விலை கேட்காமல் தொடாதீர்கள்.

ரசீது வெப்பத்தாளில் அச்சானது, வெயில் பட்ட இடத்தில் வைத்தால் எழுத்து மங்கிவிடும். தொட்டியில் ஒட்டியிருக்கும் விலைத்தாளையும் ரசீதையும் கடையை விட்டு இறங்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்தத் தொட்டியில் தாளே இல்லை.