பேஜரா, டியூட்டி ராத்திரியா? புது ஊரில் தீயணைப்புப் படை தேடிய கதை

நியூ ஜெர்சியில் இருந்த ஆறு வருடமும், தீ அழைப்பு வந்தால் அலறும் பேஜரைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன் நான். சம்பளம் இல்லாத தீயணைப்பு வேலை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இது இன்னமும் பிடிபடவில்லை. "தீயணைப்புன்னா கவர்மென்ட் வேலைதானேடா? ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஓடுறே, பத்து பைசா தர மாட்டாங்களா?" என்பார். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள்தான் என்று சொன்னால், நான் சமாளிக்கிறேன் என்றே நினைக்கிறார்.

போன வருடம் வேலை வாஷிங்டன் பக்கம் மாறியது. வாரம் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்து. குடியிருக்க இரண்டு இடங்கள் தோதாக இருந்தன. ஒன்று, மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி. மற்றது, மாநில எல்லையைத் தாண்டி வடக்கே பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் சுற்றுவட்டாரம். அங்கே வீட்டு விலை குறைவு, கார்ப் பயணம் அதிகம். மனைவி பள்ளிக்கூடங்களைப் பார்த்தாள், நான் ஃபயர் ஸ்டேஷன்களைப் பார்த்தேன்.

இரண்டு இடத்திலும் 'தன்னார்வலர்' என்ற சொல் ஒன்றுதான். வேலை ஒன்றல்ல.

மான்ட்கோமரியில் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள். சம்பளக்காரர்களும் தன்னார்வலர்களும் ஒரே வண்டியில் போகும் கலப்பு முறை. இங்கே வீட்டில் படுத்துக்கொண்டு பேஜர் அலறும்வரை காத்திருப்பது வழக்கமில்லை. வாரத்தில் ஓர் இரவு என்று முறை வைத்து ஸ்டேஷனிலேயே தங்க வேண்டும். அழைப்புகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் பெரும்பாலானவை தீ இல்லை, ஆம்புலன்ஸ் கேஸ். நெஞ்சுவலி, பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தா, கார் மோதல். முதலுதவியை விட்டுத் தீயை மட்டும் பார்க்கிறேன் என்றால் காலம் தள்ள முடியாது. பயிற்சிக்குக் காசு வாங்குவதில்லை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் தீயணைப்புப் பயிற்சி நிறுவனம் இதற்காகவே இருக்கிறது. வருடக்கணக்கில் சேவைப் புள்ளி சேர்த்தால் வயதான பின் ஒரு சின்ன மாதத் தொகை தரும் திட்டமும் உண்டு.

குறை என்ன? பொறுமை வேண்டும். விண்ணப்பம், பின்னணி விசாரணை, மருத்துவப் பரிசோதனை, வகுப்புகள் என்று ஒவ்வொன்றாக முடித்து வண்டியில் ஏற மாதங்கள் ஆகும். 'எனக்கு ஆறு வருட அனுபவம்' என்று நீட்டி முழக்கினால், 'சரி, சர்டிஃபிகேட் எங்கே?' என்பார்கள். நியாயம்தான்.

பென்சில்வேனியாவில் கதையே வேறு. 1736இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கிய மாநிலம் அல்லவா, இன்றும் அதே வழியில் போகிறார்கள். சின்ன ஊர்களில் ஒவ்வொரு கம்பெனியும், அதாவது ஒவ்வொரு ஊர்த் தீயணைப்புப் படையும், தனிச் சங்கம். வண்டி அவர்களுடையது, கட்டடம் அவர்களுடையது, கடனும் அவர்களுடையது. வெளிமாநில இன்சூரன்ஸ் நிறுவனங்களின் தீக்காப்பீட்டு பிரீமியத்தில் வசூலிக்கும் இரண்டு சதவீத வரியிலிருந்து ஒரு பங்கு வரும். மீதிக்கு பிங்கோ, சிக்கன் பார்பிக்யூ, கோடைத் திருவிழா. தீயணைக்கச் சேர்ந்தவர் சனிக்கிழமை முழுக்கக் கோழி வாட்டிக்கொண்டிருப்பார். இது எனக்குப் பிடித்திருந்தது. நம்மூர்க் கோயில் திருவிழாக் கமிட்டி மாதிரியேதான், அதே வசூல், அதே சண்டை.

நான் போய்ப் பார்த்த ஒரு கம்பெனியில் என் ஃபயர்ஃபைட்டர் 1 என்ற அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழைப் பார்த்ததும் தலைவர் அன்றைக்கே ஹெல்மெட் அளவு கேட்டார். முறைப்படி மாதக் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் சேர்ப்பார்கள் என்றாலும், ஆள் தட்டுப்பாடு முகத்திலேயே தெரிந்தது. 1970களில் அந்த மாநிலத்தில் சுமார் 3 லட்சம் தன்னார்வலர்கள். 2018இல் சட்டமன்றக் குழு அறிக்கை சொன்ன எண்ணிக்கை சுமார் 38,000.

அந்தத் தட்டுப்பாட்டைத்தான் ஆற அமர யோசிக்க வேண்டியிருந்தது. கிராமப்புறத் தன்னார்வப் படைக்கு அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 1720 என்ற தரவிதி வைக்கும் இலக்கு, 14 நிமிடத்துக்குள் 6 பேர், அதுவும் பத்தில் எட்டு முறை. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆறு பேர் எங்கிருந்து வருவார்கள்? ஊரில் பாதிப் பேர் ஒரு மணி நேரத் தொலைவில் வேலை பார்க்கிறார்கள். எரியும் வீட்டுக்குள் இரண்டு பேர் நுழைந்தால் வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும் என்பது இந்த வேலையின் பாலபாடம். மூன்று பேர் மட்டும் வந்தால் பக்கத்து ஊர் வண்டியை எதிர்பார்த்துக் கையைப் பிசைய வேண்டியதுதான். அங்கே பகலில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு இருக்கும் மதிப்பு, மான்ட்கோமரியில் பத்துப் பேர் சேர்ந்தாலும் வராது. பேஜர் அலறினால் வீட்டிலிருந்து ஓடும் முறை என்பதால், வீடு மட்டும் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். காரில் வைக்கும் நீல விளக்கு 'கொஞ்சம் வழி விடுங்க' என்று கெஞ்சுமே தவிர, சிக்னலைத் தாண்டும் அதிகாரம் தராது.

அழைப்புக்கு இவ்வளவு என்று பணம் தரும் மூன்றாவது வகையும் உண்டு. மிச்சிகன், மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் அதிகம். எச்1பி விசாவில் இருப்பவர்கள் அங்கே கையெழுத்துப் போடும் முன் வக்கீலைக் கேட்டுவிடுங்கள். இனாமாக உழைப்பது வேறு, மணிக்கணக்குக் கூலி வாங்குவது வேறு.

கடைசியில் தீர்மானித்தது என் நாட்காட்டிதான். ஆபீஸ் போகும் இரண்டு பகலும் எல்லைக்கு வடக்கே நான் இருந்தும் இல்லாத ஆள். மீதி மூன்று நாளும் மதியம் முழுக்க மீட்டிங். பாதியில் எழுந்து ஓட முடியாது. வாரம் ஓர் இரவு என்றால் அதை எழுதிக் கொடுத்துவிடலாம். அதனால் மான்ட்கோமரி, வியாழக்கிழமை ராத்திரி. பகலில் மேலாளரிடம் சொல்லாமல் எழுந்து போகக்கூடிய வேலை இருப்பவராயின் நான் கண்ணை மூடிக்கொண்டு பென்சில்வேனியாவைத்தான் கை காட்டுவேன்.

நீங்களும் தேடுவதானால் ஈமெயிலை நம்பாதீர்கள். நான் எழுதிய நாலில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. பயிற்சி நடக்கும் ராத்திரி எது என்று கேட்டு நேரில் போங்கள், வந்திருப்பவர்களை எண்ணுங்கள். பழைய சான்றிதழில் புரோ போர்டு அல்லது இஃப்சாக் என்ற அங்கீகார அமைப்புகளின் முத்திரை இருக்கிறதா என்று ஊர் மாறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலம் தாண்டினால் அதுதான் பேசும். முதுகில் மாட்டும் மூச்சுக்காற்று சிலிண்டரின் முகமூடி முகத்தில் ஒட்ட வேண்டும் என்பதால் தாடி கூடாது. அப்புறம், புதிதாகப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு பெட்டி டோனட் போதும்.