'வாஹூ ஸ்பெஷல் ரெடிமேட் ரிக்' வாங்கப் போறீங்களா? அந்தக் கருப்பு ட்யூபை அறுத்துப் பாத்துட்டு வாங்குங்க

மக்களே, வாஹூ மீன் புடிக்கறதுக்குன்னு இன்ஸ்டால 'வாஹூ ஸ்பெஷல்'னு ஒரு தூண்டில் கிட் விக்கிறாங்க. கேபிள் லீடர், ஒயர் லீடர் (லீடர்னா மெயின் லைனுக்கும் முள்ளுக்கும் நடுவுல கட்டுற துண்டு), இரை மேல மாட்டுற குஞ்சமான ஸ்கர்ட்டு, லைன் முறுக்காம சுழலுற ஸ்விவல் எல்லாம் கட்டி ரெடியா பவுச்சுல போட்டு வரும், பதினாலாயிரம் சொச்சம். அத நம்பி அந்தமானுக்கு டிக்கெட் போட்டுடாதீங்க. கம்ப்ளெயின்ட் போயிட்டு இருக்கறதால கடை பேர இங்க போடல. இதே சரக்கு வேற வேற பேர்லயும் சுத்துது, அதனால பேர விட எங்க கைய வைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுதான் உங்களுக்கு உபயோகம்.

வாஹூ நம்ம வஞ்சிரத்தோட குடும்பம்தான், ஆனா பல்லு வேற லெவல். ரெண்டு தாடையிலயும் நெருக்கமா, ஓரத்துல பொடிப்பொடியா ரம்பம் வச்ச பல்லு, வாய மூடுனா கத்திரிக்கோல் மாதிரி வெட்டும். நைலான் மோனோ லைனோ ஃப்ளோரோகார்பன் லைனோ, எவ்ளோ தடியா இருந்தாலும் ஒரே கடியில காலி. அதனாலதான் வாஹூவுக்குன்னு போனா லீடர் எஃகுதான்னு சொல்றோம். இன்னொரு விஷயம், இது இரைய முழுசா முழுங்க வராது, வேகமா வந்து பின்பாதிய வெட்டிட்டுப் போகும், அப்புறம் திரும்பி வந்து மிச்சத்த எடுக்கும். அதான் வால் பக்கம் ரெண்டாவதா ஒரு தூண்டில் முள்ளு, ஸ்டிங்கர், வைக்கிறது. இந்த ரெண்டும் மனசுல இருந்தா இவங்க பண்ண வேலை எவ்ளோ கேவலம்னு புரியும்.

போர்ட் பிளேர்ல இருந்து கெளம்பி, கடல் திடீர்னு ஆழமாகுற விளிம்புல ஏழு நாட் ஸ்பீடுல இரைய இழுத்துட்டுப் போனோம். அடி விழுந்துச்சு. ரீல் கத்துன கத்துல எல்லாரும் எந்திரிச்சிட்டோம், ரெண்டு செகண்டுல லைன் லூசு. சுத்திப் பாத்தா முன் முள்ளு இருக்கு, இரையோட தலை இருக்கு, பின்னாடி முள்ளோட சேத்து எல்லாம் போச்சு. சரி போனா போகுதுன்னு அடுத்தத போட்டோம், அதுவும் அச்சு அசல் அதே மாதிரி. மூணாவது வந்தப்போ போட்ல வேலை பாத்த அண்ணன், பூர்வீகம் ராம்நாட் பக்கம், அந்தமான்லயே பொறந்து வளந்தவரு, ரிக்க கையில வாங்கி ஸ்கர்ட்ட மேல தள்ளிப் பாத்தாரு. ரெண்டு முள்ளுக்கும் நடுவுல சூடு காட்டுனா சுருங்கற கருப்பு ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடியிருக்கும்ல, அத பிளேடால கீறி என்கிட்ட நீட்டுனாரு. உள்ள மோனோ! முன்னாடி பாக்கறவன் கண்ணுக்கு பளபளன்னு கேபிள், மீன் கடிக்கற எடத்துல நைலான் லைன். "தம்பி, இது வஞ்சிரத்துக்கே தாங்காது, இதுக்கா இவ்ளோ காசு குடுத்தீங்க"ன்னாரு.

ட்யூப் போடறது தப்பில்ல, ஸ்டிங்கர் விறைப்பா நிக்கறதுக்கு எல்லாரும் போடுவாங்க. ஆனா மூடி வச்ச எதையும் நம்பாதீங்க, கீறிப் பாத்துட்டு புது ட்யூப் போட்டு சூடு காட்டிக்கலாம், அதுக்கு அஞ்சு பத்து ரூபா ஆகுமா?

அப்புறம் மிச்சத்தையும் ஒவ்வொண்ணா பிரிச்சோம், பிரிக்கப் பிரிக்க வயிறு எரிஞ்சுது. விளம்பரத்துல 49 ஸ்ட்ராண்ட், 480 பவுண்டு தாங்கும்னு போட்டிருந்தான். 49 ஸ்ட்ராண்ட்னா ஏழு இழை சேந்த ஒரு புரி, அந்த மாதிரி ஏழு புரி, நுனிய பிரிச்சா எண்ணிடலாம். வந்தது மொத்தமே ஏழே ஏழு கம்பி, மேல பிளாஸ்டிக் கோட்டிங். கேபிள லூப்பா மடக்கி அழுத்திப் புடிக்கற குட்டிக் குழாய், ஸ்லீவ், அதவிட மோசம். ஸ்டீல் கேபிளுக்கு காப்பர் ஸ்லீவ்தான் போடணும், அலுமினிய ஸ்லீவ் மோனோவுக்கு, அத எஃகோட சேத்து உப்புத் தண்ணியில விட்டா அரிச்சுப் போயிடும். இவன் போட்டது அலுமினியம், அதையும் கிரிம்ப் டூல்ல அழுத்தாம சாதா கட்டிங் பிளேயர்ல நசுக்கியிருக்கான், ஸ்லீவ்ல பல்லு பல்லா தடம் அப்படியே தெரியுது. லூப்ல ஸ்க்ரூடிரைவர விட்டு அண்ணன் ஒரு இழு இழுத்தாரு, கேபிள் உருவிட்டு வந்துடுச்சு.

ஒத்தக் கம்பியில வர்ற ஒயர் லீடர் கதையும் அதேதான். பாக்கெட்ல நம்பர் 9னு இருக்கு, அப்படின்னா 0.56 மில்லிமீட்டர், 105 பவுண்டு பக்கம் தாங்கணும். வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ கேஜ்ல அளந்தா 0.46, அது நம்பர் 7. முடிச்சாவது ஒழுங்கா போட்டானான்னா அதுவும் இல்ல. ஹேவயர் ட்விஸ்ட்ல மொதல்ல ரெண்டு ஒயரும் ஒண்ண ஒண்ணு பின்னிக்கிட்டு எக்ஸ் எக்ஸா போகணும், அதுக்கப்புறம்தான் நெருக்கமா சுருள் சுத்து. இவன் ஒரு ஒயர நேரா விட்டுட்டு இன்னொண்ண மேல சுருளா சுத்தி விட்டிருக்கான், லோடு வந்தா வழுக்கிடும். கடைசி நுனிய பிளேயர்ல வெட்டி விட்டதுல முள்ளு மாதிரி நீட்டிட்டு நிக்குது, கூட வந்த ஃப்ரெண்டுக்கு கை கிழிஞ்சு ரத்தம். அந்த நுனிய கைப்பிடி மாதிரி மடக்கி முன்ன பின்ன ஆட்டுனா தானா மொழுமொழுன்னு ஒடியும், எந்த மீன்காரனும் அப்படித்தான் பண்ணுவான்.

சிலர் காந்தம் வச்சு டெஸ்ட் பண்ண சொல்வாங்க, ஒட்டுனா டூப்ளிகேட்னு. அது ஒயருக்கு செட் ஆகாது, நல்ல ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தாலும் இழுத்து கம்பியாக்கறப்போ லேசா காந்தம் புடிக்க ஆரம்பிச்சிடும். தடிமன அளக்குறதுதான் நம்பிக்கையான வழி.

ஸ்விவல் கருப்புன்னு விக்கிறான், கையில ரெண்டு தேய் தேச்சா பெயின்ட் வந்து பித்தளை மின்னுது. மின்னுற ஸ்விவல வாஹூ இரைன்னு நெனச்சு கடிக்கும், கடிச்சா அதுக்கு மேல இருக்கற லைன் போச்சு, மொத்த ரிக்கும் போச்சு.

மத்தியானம் அண்ணன் அவர்கிட்ட இருந்த கேபிள்ல புதுசா கட்டிக் குடுத்தாரு, அதுலதான் ரெண்டு வாஹூ ஏறுச்சு. இரைக்கு முரல் மீன்தான். அவரு முந்தின ராத்திரியே கல்லு உப்புல கொஞ்சம் சோடா மாவு கலந்து போட்டு வச்சிருந்தாரு, தோல் விறைப்பாகி தண்ணியில இழுக்கறப்போ கிழியாது. வயித்த அமுக்கி குடல் அழுக்க பின்னாடி வழியா வெளிய தள்ளி, முதுகெலும்ப இப்படி அப்படி வளைச்சு லூசாக்கி, செவுள் வழியா முள்ள விட்டு வயித்துக்கு சரியா நடுவுல வெளிய எடுத்தாரு. நடு கொஞ்சம் தப்புனா இரை பம்பரமா சுத்தி லைன முறுக்கிடும், அதனால போட் பக்கத்துலயே தண்ணியில விட்டு நேரா நீந்துதான்னு பாத்துட்டுதான் பின்னாடி அனுப்புவாரு. ரெண்டு தாடையையும் ஊசி மாதிரி இருக்கற பின் கம்பியில கோத்து, காப்பர் கம்பி சுத்தி, நீட்டு மூக்க ஒடிச்சு விட்டு, மேல கருப்பு ஊதா ஸ்கர்ட். நடுவுல ஸ்டிங்கருக்கு கேபிள், காப்பர் ஸ்லீவ், மேல ட்யூப். அந்த கிட்ல இருந்து அவரு எடுத்துக்கிட்டது ஸ்கர்ட்ட மட்டும்தான்.

ஊருக்கு வந்து போட்டோவோட மெசேஜ் போட்டா, "சார் மீன் கடிக்கும்னு நாங்க கேரண்டி குடுக்கல"ன்னு ரிப்ளை. யோவ், மீன் கடிச்சுதுய்யா, அதான் பிரச்சனையே! அடுத்து நான் ரீலோட ட்ராக்க (drag, லைன் ஓடறப்போ ரீல் குடுக்கற பிடிப்பு) டைட்டா வச்சிருப்பேன்னான். வெட்டுப்பட்ட மோனோ நுனிய ஜூம் பண்ணி அனுப்புனேன், ப்ளாக் பண்ணிட்டான்.

பாக்கெட்ட திருப்பிப் பாத்தா இம்போர்ட் பண்ணவன் பேரு இல்ல, எந்த நாட்டு சரக்குன்னு இல்ல, எம்ஆர்பி இல்ல. பேக் பண்ணி விக்கிற பொருள்ல இதெல்லாம் போட்டே ஆகணும், அதுவே தனி குத்தம். 1915க்கு கூப்புட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சாச்சு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விக்கிறவன் எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸும் இல்ல. இதே கிட் வாங்கி கையில வச்சிருக்கவங்க யாராவது இருந்தா ட்யூப கீறி உள்ள இருக்கறது, ஸ்லீவ்ல பிளேயர் தடம், பாக்கெட்டோட பின்பக்கம் மூணையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பணம் கட்டுன ஸ்க்ரீன்ஷாட்டையும் டெலீட் பண்ணாம வச்சிருங்க, எல்லாத்தையும் ஒண்ணா சேத்தே குடுத்துடலாம்.