கார் ஓட்டத் தெரியாதவங்க அமெரிக்காவுல எந்த ஊர்ல இருக்கலாம்? நாலு ஊர்ல தங்கிட்டு வந்து எழுதுற ரிவ்யூ

போன வாரம் எங்க தெரு அக்கா ஒருத்தங்க வந்து, பொண்ணு ஹூஸ்டன்ல இருக்கா பையன் சிகாகோவுல இருக்கான் ரெண்டு பேரும் கூப்புடுறாங்க எங்க முதல்ல போறது, அங்கெல்லாம் எப்படி இருக்கும்னு கேட்டாங்க. ஒரு மணி நேரம் பேசுனோம். பேசி முடிச்சப்புறம் இத எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு ஆகுமேன்னு தோணுச்சு. யூடியூப்ல தேடுனா எல்லாம் சம்பளம், ஸ்கூல், டேக்ஸுன்னு வேலைக்குப் போற புள்ளைங்க பேசுறதுதான் இருக்கு. பிரசவம் பாக்கவும் பேரப்புள்ளைய பாக்கவும் 6 மாசம் போய் உக்காந்திருக்கிற அப்பா அம்மாவுக்கு எந்த ஊரு சரிப்படும்னு யாரும் சொல்றதில்ல.

நான் கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவ, அதனால ஊருக்கு பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போட்டே சொல்றேன். பரீட்சை ஒண்ணே ஒண்ணுதான். காலையில புள்ளைங்க வேலைக்குப் போனப்புறம் யாரையும் கேக்காம செருப்ப மாட்டிக்கிட்டு நானா வெளிய கிளம்பி, ஒரு காபி குடிச்சு, காய் வாங்கி, நாலு மனுஷங்க முகத்த பாத்துட்டு வீடு வந்து சேர முடியுமா? மதுரை சிம்மக்கல்லுல வாழ்க்கைப்பட்டு 36 வருஷம் ஆச்சு, இங்க இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. பூ வேணும்னா தெருமுனை, கோயிலுக்கு நடை, சித்திரை வீதியில வண்டியே விடுறதில்ல அதனால சாயங்காலம் நாலு வீதியும் பைய சுத்தி வரலாம், டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, ராத்திரி பத்தரைக்கும் இட்லிக்கடையில ஆவி வந்துகிட்டு இருக்கும். இப்படியே பழகுன ஆளு நான், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

2024 மே மாசம் முதல்ல ஹூஸ்டன், பொண்ணு வீடு. வீடுன்னா வீடு, நாலு பெட்ரூம், பின்னாடி தோட்டம், கறிவேப்பிலை கன்னு கூட வச்சிருக்கா. நியூயார்க்ல ஒரு பெட்ரூமுக்கு குடுக்குற வாடகையில இங்க ஒரு குடும்பமே தாராளமா இருக்கலாம், டெக்ஸாஸ்ல மாநில வருமான வரியும் கிடையாது (ஆனா வீட்டு வரி ஜாஸ்தின்னு மருமகன் வருஷா வருஷம் பொலம்புவாரு). புள்ளைங்க ஏன் அங்க போய் செட்டில் ஆகுறாங்கன்னு வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே புரிஞ்சுருச்சு. வெளிய வந்தாதான் கஷ்டம். மூணாவது நாள் நானும் எங்க வீட்டுக்காரரும் கடை வரைக்கும் நடப்போமேன்னு கிளம்புனோம், மேப்புல 2 கிலோமீட்டர்தான் காட்டுச்சு, பாதி வழியில பிளாட்பாரம் அப்படியே நின்னுருச்சு, அதுக்கு மேல புல்லும் ஆறு லேன் ரோடும்தான், நடந்து போற ஆளு எங்க ரெண்டு பேர தவிர ஒருத்தர் இல்ல. வெயிலு நம்ம அக்னி நட்சத்திரம் மாதிரி, புழுக்கம் அதவிட மோசம். ஒரு அம்மா கார நிறுத்தி எதாவது உதவி வேணுமான்னு கேட்டாங்க. நல்ல மனசோடதான் கேட்டாங்க, ஆனா அந்த ஊர்ல நடந்து போனாலே ஏதோ பிரச்சனைன்னுதான் நினைக்கிறாங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

பெரிய அமெரிக்க ஊருகள்ல, இந்த இடம் வீடு இந்த இடம் கடைன்னு பிரிக்கிற ஸோனிங் சட்டமே இல்லாத ஊரு ஹூஸ்டன். அப்ப வீட்டுக்குப் பக்கத்துலயே கடை இருக்குமேன்னு நான் நினைச்சேன், அப்படி இல்ல. ஊரையே காருக்குன்னு விரிச்சு விட்டுட்டாங்க, கேட்டி ஃப்ரீவேன்னு ஒரு ரோடு சில இடத்துல பக்கத்து ரோட்டையும் சேத்தா 26 லேன் வருது. 2004ல இருந்து ரயில் ஓடுது, மியூசியம் பக்கமெல்லாம் போகலாம், மெனில் கலெக்‌ஷன்னு ஒரு மியூசியத்துக்கு டிக்கெட்டே இல்ல, அருமையான இடம், நிழலுக்கு பெரிய பெரிய ஓக் மரம். ஆனா அந்த ரயிலடிக்கு போகவே பொண்ணு கார்ல கொண்டு விடணும்.

ஒண்ணு மட்டும் சொல்லியே ஆகணும். ஹூஸ்டனுக்குப் பக்கத்துல பியர்லேண்ட்ல மீனாட்சி கோயில் இருக்கு, எழுபதுகள் கடைசியில ஆரம்பிச்சு நம்ம ஊரு கோயில நினைச்சே கட்டுனது. கோபுரத்த பாத்த உடனே எனக்கு கண்ணு கலங்கிருச்சு. சன்னதியில தமிழ்ல பேசிக்கிட்டு நிக்கிறாங்க, பச்சப்பட்டு கட்டி அம்மா நிக்கிறா, அங்க நிக்கிற வரைக்கும் நான் மதுரையிலதான் இருந்தேன். வெளிய வந்தா பார்க்கிங். நம்ம கோயில சுத்தி ஆடி, சித்திரை, ஆவணி, மாசின்னு வீதி வீதியா ஊரே கட்டியிருக்கு, வளையல்கடையும் பாத்திரக்கடையும் அங்கதான். அங்க கோயில் மட்டும் வந்துருக்கு, வீதி வரல.

ஜூலை 8ஆம் தேதி பெரில் புயல் அடிச்சப்போ அங்கதான் இருந்தோம். 20 லட்சம் கனெக்‌ஷனுக்கு மேல கரண்ட் போச்சு, எங்க வீட்டுல நாலு நாள் இல்ல. ஜன்னல் எல்லாம் ஏசிய நம்பி கட்டுனது, காத்தே வராது. அந்த நாலு நாளும் பக்கத்து வீட்டு மெக்ஸிகோ குடும்பம் ஜெனரேட்டர்ல இருந்து ஒயர் இழுத்து குடுத்தாங்க, பால் கெடாம ஃப்ரிட்ஜ் ஓடுச்சு. 2017ல ஹார்வி புயல் வந்தப்போ சில இடங்கள்ல 1 மீட்டருக்கு மேல மழையாம், மதுரைக்கு வருஷம் பூரா பெய்யுற மழைய விட அதிகம், அத கொஞ்ச நாள்லயே கொட்டிருக்கு. வீடு வாங்குற புள்ளைங்க தண்ணி நிக்கிற ஏரியாவான்னு பாக்காம வாங்காதீங்க. மக்களுக்கு 9, வீட்டுக்கு 9, தனியா வெளிய போறதுக்கு 2. மொத்தத்துல நான் 4 தான் போடுவேன்.

ஆகஸ்ட்ல நியூயார்க். அண்ணன் மக குவீன்ஸ்ல ஜாக்சன் ஹைட்ஸ் பக்கத்துல இருக்கா, ஒரே ஒரு பெட்ரூம், மாசம் 2400 டாலர், நம்ம காசுக்கு 2 லட்சம். நாங்க ஹால்ல சோபாவ விரிச்சு படுத்தோம். பாத்ரூம்ல திரும்புனா முட்டி இடிக்கும். தெருவுல குப்பை மூட்டை, எலி, ரயிலடியில மூத்திர வாடை, இதெல்லாம் இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனாலும் முதல் நாள் காலையில கீழ இறங்குனேன் பாருங்க, முனையிலயே காய்கடை, முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் தட்டுல வச்சிருக்கான், அடுத்து வளையல்கடை, அடுத்து ஒரு திபெத்துக்காரர் மோமோ விக்கிறாரு, ஒரு வங்காளத்து பாட்டி ஸ்டூல் போட்டு வெத்தல மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. விளக்குத்தூண் பக்கம் நடக்குற மாதிரியே தோள இடிச்சுக்கிட்டுத்தான் போகணும். மூணு மாசம் கழிச்சு கூட்டத்துக்குள்ள நடந்தப்போதான் மூச்சே வந்துச்சு.

சப்வே 1904ல ஆரம்பிச்சது, 472 ஸ்டேஷன், ராத்திரி பகல் 24 மணி நேரமும் ஓடும். நாங்க போனப்போ ஒரு தடவைக்கு 2.90 டாலர், எவ்வளவு தூரம் போனாலும் அதேதான், கார்டத் தட்டுனா கதவு திறக்குது, ஒரே கார்டா தட்டிக்கிட்டே வந்தா வாரத்துல 34 டாலருக்கு மேல அப்ப புடிக்கல. 65 வயசு ஆனவங்க எழுதிப் போட்டா பாதி காசுதான். ஒரு வாரத்துல நானே தனியா 7 நம்பர் ட்ரெயின் ஏறிட்டேன். குவீன்ஸ்ல அது பெரும்பாலும் பாலத்து மேலதான் போகும், மொட்டமாடி எல்லாம் பாத்துக்கிட்டே போய் கடைசி ஸ்டேஷன் ஃப்ளஷிங்ல இறங்கி, பைய நடந்தா அரை மணி நேரத்துல பௌன் ஸ்ட்ரீட் புள்ளையார் கோயில். 1977 ஜூலை 4ஆம் தேதி கும்பாபிஷேகம் ஆனது, கோயிலுக்கு கீழ கேன்டீன், அங்க நெய் ரோஸ்டும் காபியும் வாங்கிட்டு உக்காந்தா பேச்சுத்துணைக்கு பஞ்சமே இல்ல. திருமங்கலத்துக்காரம்மா ஒருத்தங்க அங்கதான் பழக்கம் ஆனாங்க, 31 வருஷமா அந்த ஊர்ல இருக்காங்க, இன்னைக்கும் போன்ல பேசிக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் போனேன், யாரும் என்னைய கொண்டு விடல கூட்டிட்டு வரல. ஹூஸ்டன்ல நான் பொண்ணு வீட்டு விருந்தாளி, இங்க நான் நானா இருந்தேன்.

பெரிய குறை படிக்கட்டு. பாதிக்கு மேல ஸ்டேஷன்ல லிஃப்ட்டே கிடையாது, இருக்குற இடத்துலயும் நம்பி போக முடியாது. எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி, ஒரு நாள் ஒரு ஸ்டேஷன்ல லிஃப்ட் நின்னு போய் 50, 60 படி ஏறணும், அவரு நடுவுலயே கம்பிய புடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. பின்னாடி வந்த ஒரு பையன் காதுல இருந்து ஹெட்போன கூட எடுக்கல, எங்க பைய வாங்கிட்டு, இன்னொரு கைய இவருக்கு குடுத்து, மேல வரைக்கும் ஏத்தி விட்டுட்டு, நான் தேங்க்ஸ் சொல்றதுக்குள்ள ஓடிட்டான். நியூயார்க்காரங்க சிரிக்க மாட்டாங்க, குட் மார்னிங் சொல்ல மாட்டாங்க, ஆனா விழுந்தா தூக்குவாங்க. காசில்லாம சுத்தவும் எம்புட்டோ இருக்கு, ஸ்டேட்டன் ஐலண்ட் போட்டுக்கு டிக்கெட்டே இல்ல, 25 நிமிஷம், சுதந்திர தேவி சிலைய பாத்துக்கிட்டே போகலாம். தூங்கா நகரத்துல இருந்து போறவங்களுக்கு தூங்காத இன்னொரு ஊரு அதுதான். 8.5. முட்டி வலி உள்ளவங்க 2 மார்க் குறைச்சுக்குங்க, வாடகை குடுக்குற புள்ளைங்ககிட்ட கேட்டா அவங்க வேற மார்க் சொல்லுவாங்க.

அக்டோபர்ல மூணு வாரம் சிகாகோ, அவரு தம்பி மகன் வீடு. இந்த ஊரு எனக்கு ரொம்ப புடிச்சுச்சு. ரோடெல்லாம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேரா இருக்கு, வழி தப்பவே தப்பாது, மிச்சிகன் ஏரி கடல் மாதிரி கரை தெரியாம கெடக்கு, கரையோரமா 29 கிலோமீட்டருக்கு நடைபாதை, பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவா விட்டுருக்காங்க. வாடகை நியூயார்க்க விட நல்லாவே கம்மி. பாலத்து மேல ஓடுற ரயிலுக்கு எல்லுன்னு பேரு, 1892லயே ஓட ஆரம்பிச்சது, 2.50 டாலர் குடுத்தோம், ரெட் லைனும் புளூ லைனும் ராத்திரி பூரா உண்டு. ரெட் லைன்ல லயோலா இறங்கி 155 பஸ் புடிச்சா டெவன் அவென்யூ, பட்டாணி பருப்புல இருந்து பட்டுப்புடவை வரைக்கும் கிடைக்கும். கோயிலுங்க மட்டும் லெமான்ட், அரோரான்னு தூரத்துல இருக்கு, அதுக்கு கார்தான்.

அங்க நான் கண்டிப்பா பாக்கணும்னு இருந்தது ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கட்டடம், வாசல்ல ரெண்டு வெண்கல சிங்கம் நிக்கும். 1893 செப்டம்பர் 11 அன்னைக்கு விவேகானந்தர் பேசுனது அங்கதான். அவரு அமெரிக்கா போறதுக்கு முன்னாடி மதுரைக்கு வந்தப்போதான் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதிய பாத்தாரு, சிகாகோ போங்கன்னு சொன்னவங்கள்ல ராஜாவும் ஒருத்தரு, 1897ல திரும்பி வந்தப்போ பாம்பன்ல வரவேத்ததும் அவருதான். இத வகுப்புல புள்ளைங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிருக்கேன். அந்த படியில உக்காந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னொரு தடவை சொன்னேன், அவரும் பொறுமையா கேட்டாரு. அக்டோபருக்கு 8. ஜனவரிக்கு நான் மார்க் போட மாட்டேன், 2019 ஜனவரியில மைனஸ் 30 டிகிரி வரைக்கும் போன ஊரு, நம்ம உடம்பு தாங்காது.

2022ல பையன் ஃப்ரீமான்ட்ல இருந்தப்போ சான் ஃப்ரான்சிஸ்கோ பக்கம் ரெண்டு மாசம். பார்ட் ரயில் இருக்கு, ஊருக்குள்ள போயிரலாம், ஆனா ஊரே மேடும் பள்ளமும், ஆகஸ்ட்ல கூட ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது, பனிமூட்டம், அதே நாள் ஃப்ரீமான்ட்ல வெயில். வீட்டு விலைய கேட்டா தலை சுத்தும். எனக்கு புடிச்சது லேக் எலிசபெத்தான், சாயங்காலம் ஆனா நம்ம ஊரு அப்பா அம்மாவெல்லாம் ஷூவும் புடவையுமா ஏரிய சுத்துவாங்க, வண்டியூர் தெப்பக்குளத்துல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும். 6 மார்க், அதுல 3 அந்த ஏரிக்கு.

எந்த ஊரா இருந்தாலும் சரி, விசிட்டர் இன்சூரன்ஸ் போடாம ஃப்ளைட் ஏறாதீங்க, சுகர் பிரஷர் மாதிரி பழைய வியாதிக்கு எதெல்லாம் குடுப்பாங்கன்னு ஏஜென்ட்கிட்ட எழுதி வாங்குங்க. புள்ளைங்ககிட்ட வீடு எத்தனை ரூமுன்னு கேக்காதீங்க, வாசல்ல இருந்து பஸ் ஸ்டாப் எத்தனை நிமிஷ நடை, பிளாட்பாரம் அது வரைக்கும் இருக்கான்னு கேளுங்க.

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: ஜனவரி கடைசியில ஹூஸ்டன் போங்க, அப்ப வெயிலும் இருக்காது புயலும் வராது, மீனாட்சிய பாருங்க, ஏப்ரல் கடைசியில கிளம்பி சிகாகோ போனா குளிரு விட்டுருக்கும், ஏரிக்கரையில நல்லா நடக்கலாம், விசா 6 மாசமும் சரியா வந்துரும். டிக்கெட் பாக்க பையன்கிட்ட சொல்லிட்டாங்களாம். நடுவுல ஒரு வாரம் நியூயார்க் போக முடியுமான்னு கேட்டாங்க, திருமங்கலத்துக்காரம்மா நம்பர குடுத்திருக்கேன்.