ஸ்டார்பக்கை விடுங்கள், சிரிப்பு எங்கே போனது? பாட்டில்ஸ்டார் கலாக்டிகா (2003-2009)

விண்வெளியில் தப்பியோடும் மனிதர்களைப் பற்றிய 1978 தொடரை மறுபடி எடுத்த இந்த அறிவியல் புனைகதைத் தொடரை இப்போது புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இது ஒளிபரப்பாகும் முன்பே இதை வெறுக்க ஒரு கூட்டம் தயாராக இருந்தது. காரணம் ஸ்டார்பக் என்ற போர் விமானி. 1978 தொடரில் வாயில் சுருட்டு, கையில் சீட்டுக்கட்டு, பக்கத்தில் ஒரு பெண் என்று திரிந்த டர்க் பெனடிக்டின் பாத்திரத்தை 2003 குறுந்தொடரில் கேட்டி சாக்காஃப் செய்கிறார் என்றதும் பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், பெனடிக்டே திட்டி ஒரு கட்டுரை எழுதினார்.

என்னைக் கேட்டால் ஸ்டார்பக்தான் இதில் குறைவாக மாறிய ஆள். இவளும் சுருட்டுப் பிடிக்கிறாள், சீட்டாடுகிறாள், மேலதிகாரியை ஒரே குத்தில் சாய்க்கிறாள். உண்மையில் மாறியது வேறு. பழையதில் மனித இனமே கிட்டத்தட்ட அழிந்த கையோடு, மிச்சமிருப்பவர்கள் ஒரு சூதாட்ட விடுதியில் போய்க் கூத்தடிப்பார்கள். புதியதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. '33' என்ற முதல் அத்தியாயத்தில் சைலான்கள் என்ற எதிரி இயந்திரங்கள் 33 நிமிடத்துக்கு ஒருமுறை துரத்தி வருகின்றன, ஐந்து நாளாக யாருக்கும் தூக்கம் இல்லை, எல்லார் கண்ணும் சிவந்து கிடக்கிறது. உயிரோடிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அதிபர் ரோஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார், அது குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது, எண்ணை அழித்து ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். அவ்வளவுதான் காட்சி. இந்த அத்தியாயத்துக்கு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கொடுத்ததில் ஆச்சரியமே இல்லை.

ரிச்சர்ட் ஹாட்ச் கதை இன்னும் சுவாரசியம். 1978 தொடரில் இன்னொரு நாயகனான அப்போலோவாக நடித்தவர் இவர்தான். பழைய கதையைத் தொடர வேண்டும் என்று கைக்காசு போட்டு முன்னோட்டமெல்லாம் எடுத்தவர், அதனால் புதிய தொடரை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியபோது கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. பிறகு அதே தொடரில் டாம் ஸாரெக் என்ற அரசியல் கைதியாக வந்து, அப்போலோவை விடப் பலமடங்கு நல்ல பாத்திரத்தைச் செய்துவிட்டுப் போனார். பழைய தொடரின் முகப்பு இசையைக் கூட மூர் குழு தூக்கி எறியவில்லை, இரண்டாம் பருவத்தில் அது கதையில் வரும் மனிதக் குடியேற்றங்களின் தேசிய கீதமாக ஒலிக்கிறது. திட்டிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அதுவரை பார்த்தார்களோ தெரியாது.

அதற்காகப் பழைய ஆட்கள் சொன்னது எல்லாமே புலம்பல் இல்லை. குதூகலம் போய்விட்டது என்றார்கள், அது நிஜம். மூன்றாம் பருவத்தின் நடுவில் எல்லாரும் குடித்துவிட்டு இருட்டில் அழுகிறார்கள், கேமராவும் கூடச் சேர்ந்து ஆடுகிறது, அப்போது எனக்கே 1978 தொடரில் வந்த அந்த இயந்திர நாய்க்குட்டி வந்தால் தேவலை என்றிருந்தது.

இதில் வேடிக்கை, 2009ல் கடைசி அத்தியாயம் கடவுள், தேவதூதர் என்று போனபோது, 'மாற்றத்தை ஏற்கத் தெரியாதவர்கள்' என்று பழைய ரசிகர்களுக்கு வகுப்பெடுத்த புது ரசிகர்களே 'எங்கள் தொடரைக் கெடுத்துவிட்டார்கள்' என்று குதித்தார்கள். எனக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

பார்க்கப் போகிறவர்கள் நேராக முதல் பருவத்துக்குப் போகாதீர்கள், 2003 குறுந்தொடரிலிருந்து தொடங்குங்கள், மூன்று மணி நேரம்தான். அதைத் தாண்டினால் '33' வாட்டி எடுக்கும். 1978 தொடரை முதலில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் போட்டுப் பாருங்கள், பெனடிக்ட் நன்றாகத்தான் இருக்கிறார்.