கருக்கின பலகையா, பொங்குகிற பெயின்டா, தடித்த மரமா?

கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட வீடு கட்டுகிற என் மச்சான், குசினிச் சுவருக்கு ஓர் அங்குலப் பலகை அடிக்கப் போகிறானாம். ஜப்பான்காரன் செய்கிற மாதிரி பலகையின் மேற்பக்கத்தைக் கருக்கிவிட்டால் நெருப்புப் பிடிக்காதாமே என்று கேட்டான்.

அங்கே அதற்கு யாக்கிசுகி என்று பெயர். சுகி மரப் பலகை மூன்றை முக்கோணக் குழாய் போலக் கட்டி நிமிர்த்தி, அடியில் தீ வைத்தால் புகைபோக்கி மாதிரி இழுத்து உட்பக்கம் சில நிமிடத்தில் கரியாகிவிடும், உடனே தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். வெயில், மழை, பூச்சி இதற்கெல்லாம் நல்லது. நெருப்புக்கு? காஸ் டோர்ச்சால் ஒரு துண்டைக் கருக்கி, கருக்காத துண்டையும் சேர்த்து அடுப்பில் வைத்துப் பார்த்தேன். கருக்காதது பக்கென்று பற்றியது, கருக்கினது சுணங்கித்தான் பற்றியது. ஆனால் வெளியே எடுத்த பிறகு, வெடிப்புகளுக்குள் சிவப்பாகத் தணல் ஓடிக்கொண்டே இருந்தது, ஊதினால் இன்னும் சிவந்தது. சிரட்டைக்கரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கின ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

உண்மையில் மரத்தைக் காப்பாற்றுவது அதன் தடிப்புத்தான். ஐரோப்பாவின் மரக் கட்டட விதியான யூரோகோட் 5 கணக்கில் மென்மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.8 மில்லிமீற்றர் கருகும், கனமான வன்மரம் 0.55. அரை மணித்தியாலத்தில் மென்மரத்தில் 24 மில்லிமீற்றர் போய்விடும், அதாவது மச்சானுடைய பலகை கிட்டத்தட்ட முழுக்கவே. ஆறங்குல முதிரைத் தீராந்தி என்றால் இரண்டு பக்கமும் கருகினாலும் நடுவில் நூறு மில்லிமீற்றருக்கு மேல் நல்ல மரம் நிற்கும், கூரை உடனே தலையில் விழாது. நீங்கள் முன்கூட்டியே கருக்குகிற மூன்று மில்லிமீற்றர், நெருப்பு நாலு நிமிடத்தில் செய்கிற வேலை, அவ்வளவுதான். மெல்லிய பலகையில் அதுவும் நட்டம், இருக்கிற மரத்தைத்தானே குறைக்கிறோம்.

பொங்குகிற பெயின்ட் வேறு சாமான். சூடு 200 பாகைக்குக் கிட்ட ஏறும்போது உப்பி நுரை மெத்தை மாதிரி நின்று மரத்துக்குச் சூடு போகாமல் தடுக்கும். கம்பனி சொன்ன தடிப்புக்குப் பூச வேண்டும், ஒரு கோட் அடித்துவிட்டு மிச்சம் பிடித்தால் காசுதான் வீண். மலிவு வழி வெங்காரமும் போரிக் பவுடரும், கரம் போர்டில் தூவுகிற அதே பவுடர்தான். கறையானுக்கு நல்ல அடி, ஆனால் தூரிகையால் பூசினால் தோலோடு நிற்கும், மாரி மழை பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். கராஜில் வாங்குகிற கழிவு ஒயிலை மட்டும் குசினிப் பக்கம் கொண்டுவராதீர்கள், அது எரிகிற சாமான், நம் மணல் நிலத்தில் கிணற்றுக்கும் இறங்கும்.

கடைசியில் மச்சான் அடுப்புக்குப் பின்னால் கல் கட்டிச் சீமெந்து பூசினான். டோர்ச்சை வாங்கிவிட்டானே, அதனால் கருக்கின பலகை வாசல் பக்கம் போனது. கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசாமல் அப்படியே அடித்துவிட்டான், இப்போது பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையெல்லாம் கரிக்கோடு.