பழைய ரயில் தடமா, கரத்தை ரோடா? சைக்கிளுக்கு எது தோது

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலைப் பக்கம் சைக்கிள் மிதிக்க நினைக்கிறவர்களுக்குத் தார் ரோட்டை விட்டால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நானுஓயாவிலிருந்து இராகலை வரை ஓடிய உடப்புசல்லாவை சின்ன ரயிலின் பழைய தடம். மற்றது தேயிலைத் தோட்டங்களுக்குள்ளே வளைந்து வளைந்து போகிற கரத்தை ரோடு, அதாவது மாட்டு வண்டிக்குப் போட்ட பாதை. நான் கரத்தை ரோட்டுக் கட்சி, இப்போதெல்லாம் அதில்தான் போகிறேன்.

கதை என்று பார்த்தால் ரயில்தான் ஜெயிக்கும். இரண்டரை அடி அகலத் தண்டவாளம், 1903இல் நுவரெலியாவுக்கும் அடுத்த வருடம் இராகலைக்கும் வந்து சேர்ந்தது, லொறியும் பஸ்ஸும் பெருகியதும் 1940களில் மூடிவிட்டார்கள். ஆனால் சைக்கிள்காரனுக்குக் கதை பாதி, ரோடு பாதி. தண்டவாளம் போன இடத்தில் இன்று ஒரு துண்டு நடைபாதை, அப்புறம் ஒருவர் வீட்டு முற்றம், அப்புறம் லீக்ஸ் பாத்தி. இறங்கித் தள்ளி, ஆளைக் கேட்டு, மறுபடி ஏறி என்றே காலை போய்விடும்.

கரத்தை ரோடு கோப்பிக் காலத்துச் சங்கதி. 1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை கோப்பி மூட்டைகள் மாட்டுக் கரத்தையில் கடுகண்ணாவை இறங்கித்தான் கொழும்புக்குப் போயின. 1885இல் ரயில் நானுஓயாவுக்கே ஏறிவந்த பிறகு கரத்தையின் ஓட்டம் குறுகி, ஸ்டோரிலிருந்து, அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து, பக்கத்து ஸ்டேஷன்வரை என்றாகிவிட்டது. மாடு சுமையோடு ஏற வேண்டும், அதைவிடக் கஷ்டம், சுமை பின்னால் தள்ளாமல் இறங்க வேண்டும். அதனால்தான் ரோடு மலையை நேராக வெட்டாமல் இடுப்பைச் சுற்றுகிற மாதிரி சுற்றிப் போகிறது. கொழுந்துக்காரர்கள் ஏறுகிற குறுக்குப் பாதையில் சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும், அதே மலையைக் கரத்தை ரோட்டில் பேசிக்கொண்டே ஏறலாம்.

ஏற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு முடிவைச் சொன்னது கான், அதாவது ரோட்டோரத்து வடிகால். மலைநாட்டில் ரோட்டைக் கெடுப்பது சக்கரம் இல்லை, தண்ணீர். மேல்பக்கக் கான் அடைபட்டால் ஒரே மழையில் தண்ணீர் ரோட்டின் நடுவால் இறங்கி, மண்ணை அரித்து, அடியில் பதித்த கருங்கல்லைப் பல் மாதிரி நீட்டிவிடும். கொழுந்து லொறியோ ட்ரெக்டரோ ஓடுகிற ரோட்டில் தோட்டம் கானை வெட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கொழுந்து ஸ்டோருக்குப் போய்ச் சேராது. கான் ஓரத்தில் மண்வெட்டி அச்சு மாறாமல் ஈரச் சேறு குவிந்து கிடந்தால் நம்பி மிதிக்கலாம். பச்சைப் பாசியும் புல்லும் மூடிக் கிடந்தால் அடுத்த வளைவில் ரோடு இருக்குமா என்பதே சந்தேகம். ரயில் தடத்தில் அந்த வேலையைச் செய்ய இன்று யாருக்கும் தேவையில்லை, அங்கங்கே அதுவே கானாகிவிட்டது. கரத்தை ரோட்டிலும் கைவிட்ட மலைப்பக்கம் போனால் இதே நிலைதான், அதையும் சொல்ல வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. தோட்டம் தனியார் கையில், வாட்சரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நுழையக்கூடாது, மருந்தடிக்கிற மலை என்றால் அந்தப் பக்கமே வேண்டாம். லொறி வளைவில் ஹோர்ன் அடிக்கும், ஆனால் நாய்கள் எதையும் அடித்துச் சொல்லிவிட்டு வராது. மெல்லிய டயர் சரிவராது, இரண்டு அங்குலமாவது வேண்டும்.

ஹப்புத்தளைப் பக்கம் தம்பதென்னை ஸ்டோரிலிருந்து லிப்டன் சீட் என்கிற மலைக்காட்சி முனைக்கு ஏறுகிற ரோட்டையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். காட்சி அபாரம், ஆனால் ஆட்டோ நெருக்கடியில் மனம்விட்டு மிதிக்க முடியாது. கண்டியிலிருந்து நுவரெலியாவரை 300 கிலோமீட்டருக்கு மேல் போகிற பீக்கோ ட்ரெயில் என்கிற நெடும்பாதை நடக்கிறவர்களுக்கு அருமை, சைக்கிளில் அதை முழுதாக நான் பார்த்ததில்லை. இராகலைக்கு அப்பால் மார்கழி மழையில் கான் எவ்வளவு தாங்கும் என்பதும் எனக்குக் கேள்வி ஞானம்தான், அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.